ஏழாம் அத்தியாயம்: கல்லா ஓடும்போதே விதியை மாற்றுவது

2018 மே 16 அன்று மலேசிய நிதியமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி), ஜூன் 1 முதல் பூஜ்ஜியமாகும் என்றது. கையில் இருந்தது இரண்டு வாரம்தான். அதற்குள் ஜிஎஸ்டி வசூலித்த ஒவ்வொரு கல்லா மென்பொருளும் மாறியாக வேண்டும். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 1 அன்று, ஜிஎஸ்டியே போய் எஸ்எஸ்டி (விற்பனை வரி, சேவை வரி) திரும்பி வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு மாற்றம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி வரி மாற்றம். நிரல் எழுதுபவருக்கு அவை முற்றிலும் வேறு வேறு வேலைகள்.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய மூலநிரலைக் கம்பைல் செய்து, உள்ளே ஏற்றி, அடுத்த பில்லிலிருந்தே புழக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் ஜாவாவில் இருக்கும். மற்ற மொழிகளைப் பின்னால் சுருக்கமாகத் தொடுவோம்.

பேச வசதியாக ஒரு கற்பனை வாடிக்கையாளரை வைத்துக்கொள்வோம். தெலுக் பங்லிமா காராங்கில் அவருக்கு ஒரு மளிகைக்கடை, அதன் பின்னால் ஒரு கிடங்கு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கிளை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. தெலுக் பங்லிமா காராங் கடைக்கு வரியில்லாத் தொழில் வட்டாரத்தின் ஷிப்ட் கூட்டம் வரும். தீபாவளி வாரத்தில் கிள்ளான் கடைக்குள் நிற்கவே இடம் இருக்காது. "கல்லாவை அரைமணி நேரம் நிறுத்துங்கள் அண்ணே, அப்டேட் போடுகிறேன்" என்று அவரிடம் கேட்க முடியாது.

விதியா, மதிப்பா?

கம்பைலரைத் தொடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். மாறுவது ஓர் எண் மட்டுமா, அல்லது கணக்கிடும் முறையே மாறுகிறதா?

2018 ஜூன் 1-இல் மாறியது எண். சட்டம் அப்படியே இருந்தது, கணக்கிடும் முறையும் அப்படியே இருந்தது. 6 இருந்த இடத்தில் 0 வந்தது. விகிதத்தைத் தரவுத்தள அட்டவணையில் வைத்திருந்தவருக்கு ஒரு வரி வேலை. நிரலுக்குள் 0.06 என்று அங்கங்கே எழுதி வைத்திருந்தவருக்கு அது பெரிய வேலை. அவருக்குத் தேவைப்பட்டது அட்டவணையே தவிர, இயங்கும்போது கம்பைல் செய்யும் நுட்பம் அல்ல.

செப்டம்பர் 1-இல் மாறியது முறை. ஜிஎஸ்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் வரி வசூலித்து, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். புதிய விற்பனை வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் ஒரே கட்டத்தில், பொருளுக்கேற்ப 5 அல்லது 10 விழுக்காடாக வாங்கப்படுவது. மளிகைக்கடை பில்லில் வரி என்ற வரியே இருக்காது. சேவை வரியோ 6 விழுக்காடாகத் தனியே வந்தது. சாப்பாட்டுக் கடையாக இருந்தால் ஆண்டு வருமானம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பதிவு. இதையெல்லாம் எந்த அட்டவணையும் தாங்காது. நிரல்தான் மாற வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். 2024 மார்ச் 1 அன்று சேவை வரி 6-லிருந்து 8 ஆனது. எண் மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவை ஆகியவை 6-லேயே நின்றன. ஒற்றை எண்ணாக இருந்தது சேவை வகையைப் பார்த்து முடிவெடுக்கும் விதியாகிவிட்டது. 2025 ஜூலை 1 முதல் வாடகை, குத்தகைச் சேவைகளும் சேவை வரிக்குள் வந்தன. நம் வாடிக்கையாளர் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்தால், பதிவு வரம்பைத் தாண்டுகிறாரா என்று அதையும் பார்க்க வேண்டும்.

எதை மாறும் பகுதியாக வைக்கக் கூடாது என்பதற்கும் உள்ளூரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத் தொகையை 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம். 10.82 ரிங்கிட் 10.80 ஆகும், 10.83 ரிங்கிட் 10.85 ஆகும். அட்டையில் கட்டினால் இது இல்லை. இத்தனை ஆண்டாக மாறாத இந்த விதியைப் பிரதான நிரலிலேயே எழுதி விடுங்கள். எல்லாவற்றையும் மாற்றத்தக்கதாகச் செய்தால் பிறகு எது எங்கே கணக்காகிறது என்று எவருக்கும் தெரியாது.

ஒப்பந்தம் முதலில்

பிரதான நிரலுக்கும் விதிக்கும் நடுவே ஓர் இடைமுகம் வேண்டும். "பில்லைத் தருகிறேன், வரி வரிகளைத் திருப்பிக் கொடு" என்ற அளவில் ஒரே ஒரு செயற்கூறு போதும். தொகைகளை மிதவை எண்ணாகத் தராமல் சென் கணக்கில் முழு எண்ணாகவோ பிக்டெசிமலாகவோ தாருங்கள். இடைமுகத்தை எவ்வளவு சிறிதாக வைக்கிறீர்களோ அவ்வளவு நாள் அது மாறாமல் நிற்கும். அது மாறினால் கல்லாவை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஜாவா 6 முதல் கம்பைலர் மொழியின் நூலகத்துக்குள்ளேயே கிடைக்கிறது. டூல்புரொவைடரிடம் கேட்டால் ஜாவாகம்பைலர் பொருள் ஒன்று வரும். அல்லது நல் (null) வரும். கணினியில் ஜேடிகே இல்லாமல் வெறும் ஜேஆர்இ இருந்தால் நல்தான். ஜேலிங்க் கொண்டு சிறிதாக்கிய தொகுப்பில் ஜேடிகே.கம்பைலர் என்ற மாட்யூலைச் சேர்க்க மறந்தாலும் அதே கதி. உருவாக்கும் கணினியில் எல்லாம் ஓடும், கடையில் விழும். அதனால் அந்த நல்லைச் சோதித்து, கடைக்காரருக்குப் புரியும் ஒரு செய்தியைக் காட்டுங்கள்.

மூலநிரலை வட்டில் எழுதித்தான் கம்பைல் செய்ய வேண்டும் என்றில்லை. எழுத்துச் சரமாகவே கொடுக்கலாம். வெளியீட்டையும் நினைவகத்திலேயே பைட் வரிசையாகப் பிடிக்கலாம். அதற்கு ஃபைல்மேனேஜரை மேலெழுத வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஒரு மூலக் கோப்பிலிருந்து பல வகுப்புகள் வெளிவரலாம். உள்வகுப்பு ஒன்று இருந்தாலே பெயரில் டாலர் குறியோடு இன்னொன்று வரும். முதல் பைட் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் கம்பைல் வெற்றி என்று காட்டி, முதல் பில்லில் 'வகுப்பைக் காணோம்' என்று நிரல் விழும். பெயரைச் சாவியாக வைத்து எல்லாவற்றையும் ஓர் அகராதியில் சேருங்கள்.

இன்னொன்று, கம்பைலருக்கு உங்கள் இடைமுகம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்பிரிங் பூட் போல ஜாருக்குள் ஜார் வைக்கும் கட்டமைப்பில் ஓடும் நிரலுக்கு அது தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. 'சிம்பலைக் காணோம்' என்று பக்கம் பக்கமாகப் பிழை வரும். இடைமுகத்தைத் தனி ஜாராக வட்டில் வைத்து, கிளாஸ்பாத்தில் அதன் முகவரியைச் சொல்லுங்கள். பிழைகளை டயக்னாஸ்டிக்கலெக்டர் வழியாக வாங்கினால் வரி எண்ணோடு கிடைக்கும். அவற்றை நிகழ்வுப் பதிவில் எழுதி வையுங்கள்.

நம் வாடிக்கையாளரைப் போல மூன்று கடை இருந்தால், மூன்று கல்லாவிலும் கம்பைலர் தேவையே இல்லை. தலைமைக் கணினியில் ஒருமுறை கம்பைல் செய்து, கிளாஸ் கோப்பை மட்டும் கடைகளுக்கு அனுப்புவதே என் பரிந்துரை. அப்போது கல்லாவின் ஜாவா பழையதாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஜாவா 17-இல் பிறந்த கிளாஸ் கோப்பின் பதிப்பு எண் 61. 52 வரையே அறிந்த ஜாவா 8 அதைத் தொடாது. கம்பைலருக்கு ரிலீஸ் விருப்பத்தைக் கொடுத்து, கடைகளில் உள்ளதிலேயே பழைய ஜாவாவுக்கு இலக்கு வையுங்கள்.

ஏற்றுவது எளிது, இறக்குவதில்தான் சிக்கல்

கிளாஸ்லோடரைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் செய்தி: ஜாவாவில் ஒரு வகுப்பின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல, பெயரும் அதை ஏற்றிய லோடரும் சேர்ந்தது. ஒரே லோடர் ஒரே பெயரை இரண்டு தடவை ஏற்றாது. எனவே விதியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு புதிய லோடர். பழைய லோடரை மறுபடி பயன்படுத்த முயல வேண்டாம்.

லோடரிடம் ஒரு வகுப்பைக் கேட்டால் அது வழக்கமாக முதலில் தன் பெற்றோர் லோடரைக் கேட்கும். இதனால் இரண்டு தொல்லைகள் வரும். விதியின் பழைய பதிப்பு தவறுதலாகப் பிரதான நிரலின் கிளாஸ்பாத்தில் கிடந்தால் பெற்றோர் அதையே எடுத்துக் கொடுக்கும். நீங்கள் அனுப்பிய புதிய விதி எப்போதுமே ஓடாது, பிழையும் காட்டாது. மறுபக்கம், பெற்றோரைக் கேட்காமல் தானே முதலில் தேடும்படி லோடரை எழுதி, விதி ஜாருக்குள் இடைமுகத்தின் இன்னொரு பிரதியையும் வைத்துவிட்டால் கிளாஸ்காஸ்ட் பிழை வரும்: வரிவிதி என்பதை வரிவிதியாக மாற்ற முடியாது என்று. பெயர் ஒன்று, லோடர் இரண்டு. இந்தச் செய்தியை முதல்முறை பார்ப்பவர் தன் கண்ணையே சந்தேகிப்பார். இடைமுகம் பெற்றோரிடம் மட்டும், விதி குழந்தையிடம் மட்டும் இருக்கட்டும்.

வகுப்பை நினைவகத்திலிருந்து இறக்க ஜாவாவில் கட்டளை கிடையாது. லோடரையும், அது ஏற்றிய வகுப்புகளையும், அவற்றின் பொருள்களையும் எங்கிருந்தும் எட்ட முடியாத நிலை வந்தால்தான் குப்பை சேகரிப்பான் அவற்றை மொத்தமாக அகற்றும். ஒரே ஒரு சுட்டி மிச்சமிருந்தாலும் லோடர் முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும். அந்தச் சுட்டியைப் பெரும்பாலும் த்ரெட்லோக்கல் மாறியில், ஸ்டாட்டிக் சேமிப்பில், விதி தொடங்கி வைத்து நிறுத்தாத த்ரெட்டில் காணலாம். ஜாவா 8-இலிருந்து வகுப்புகளின் விவரம் மெட்டாஸ்பேஸில் தங்குகிறது. அதற்கு மேல்வரம்பு வைக்காவிட்டால் கணினியின் நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும். வைத்தால் ஒரு நாள் 'மெட்டாஸ்பேஸ் தீர்ந்தது' என்று நிற்கும். வரம்பு வைத்து, சோதனைக் கணினியில் விதியை நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏற்றப்பட்ட வகுப்புகளின் எண்ணிக்கை ஏறியபடியே இருந்தால் கசிவு இருக்கிறது. விதிக்குள் த்ரெட்டும் ஸ்டாட்டிக் சேமிப்பும் கூடாது என்று முன்பே சட்டம் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வராது.

பழையது இன்னும் வேண்டும்

புதியதை ஏற்றியவுடன் பழையதைத் தூக்கி எறியும் வேகம் பலருக்கு உண்டு. வரி விதியில் அது தவறு. 2018 மே மாதம் 106 ரிங்கிட்டுக்கு ஒரு பொருள் போனது. 6 ரிங்கிட் வரி. ஜூன் மாதம் அது திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டு 6 விழுக்காட்டில்தான் போட வேண்டும். அன்றைய விகிதம் பூஜ்ஜியம் என்பது அந்த விற்பனைக்குப் பொருந்தாது. விதியைத் தேர்ந்தெடுப்பது கணினியின் இன்றைய தேதி அல்ல, விற்பனை நடந்த தேதி.

ஆகவே பிரதான நிரலில் ஒரு விதிப்பதிவேடு வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தப் பதிப்பு என்று அது சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பதிப்புகள், ஒவ்வொன்றும் தன் சொந்த லோடரில், அருகருகே ஓடலாம். லோடர் அடையாளத்தில் சேருகிறது என்ற விசித்திரம் இங்கேதான் கைகொடுக்கிறது: ஒரே பெயருள்ள இரண்டு வரிவிதி வகுப்புகள் முட்டிக்கொள்வதில்லை. பழைய பில்லின் நகல் அச்சிட மட்டும் விதியை மறுபடி ஓட்டாதீர்கள். கணக்கிட்ட தொகையையும் விதிப் பதிப்பின் எண்ணையும் பில்லோடு சேமித்து அதையே அச்சிடுங்கள். ஜிஎஸ்டி கால ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஏழு ஆண்டு கழித்தும் அதே நிரலை ஓட்ட முடியும் என்று எவரும் உறுதி தர முடியாது.

புதிய விதியை ஏற்றியவுடன் புழக்கத்துக்கு விடாதீர்கள். விடை தெரிந்த பில்களின் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு அதில் ஓட்டிப் பாருங்கள். 2024 மார்ச் விதிக்கு என்றால் குறைந்தது இவை வேண்டும்: பிப்ரவரி 29 தேதியிட்ட பில், மார்ச் 1 தேதியிட்ட பில், 6-லேயே நின்ற சாப்பாடு, 8-க்குப் போன சேவை, இரண்டும் கலந்த பில், திருப்பி வாங்கிய பில், தொகை பூஜ்ஜியமான பில். ஒன்று தவறினாலும் ஏற்றியதை விட்டுவிட்டுப் பழையதிலேயே தொடருங்கள். எல்லாம் சரியானால் பதிவேட்டின் சுட்டியை ஒரே அசைவில், அட்டாமிக்ரெஃபரன்ஸ் கொண்டு மாற்றுங்கள். ஒரு பில் தொடங்கும்போது எந்த விதியைக் கையில் எடுத்ததோ அதே விதியோடுதான் முடிய வேண்டும். பாதிப் பொருள் பழைய விதியிலும் பாதி புதியதிலும் கணக்கானால் அந்தப் பில்லை எந்தக் கணக்காளராலும் விளக்க முடியாது.

தமிழ் எழுத்து வந்தால்

விதிக்குள் "சேவை வரி" என்று தமிழில் எழுதியிருப்பீர்கள். ஜாவா 18 வெளிவந்த 2022 மார்ச் வரை ஜாவாவின் இயல்பான எழுத்துக் குறியீடு இயங்குதளத்தைப் பொறுத்தது. அந்தப் பழைய பதிப்புகளில், விண்டோஸ் கணினியில் கம்பைலர் யுடிஎஃப்-8 கோப்பைத் தவறாகப் படித்துத் தமிழைக் குப்பையாக்கும். பில்லில் கொம்பும் கேள்விக்குறியுமாக வரும். கோப்பைப் படிக்கும்போதே யுடிஎஃப்-8 என்று சொல்லிப் படித்து, சரமாகக் கம்பைலருக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கலாம். முதல் வரியிலேயே 'தகாத எழுத்து' என்று கம்பைலர் முறைத்தால் அதுதான் காரணம். வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

விதியைக் கடையின் கணக்குப்பிள்ளையும் படித்துப் பார்க்க வேண்டும் என்றால் தமிழ் நிரல்மொழியிலேயே எழுதலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் பைத்தானில் எழுதப்பட்ட திறமூல மொழி. எழில் மூலநிரலைப் படித்து அந்தக் கணமே இயக்கும். தனியே கம்பைல் செய்யும் படி கிடையாது.

நிரல்பாகம் சேவைவரி( தொகை, வகை )
  @( வகை == "உணவு" ) ஆனால்
    பின்கொடு தொகை * 6 / 100
  இல்லை
    பின்கொடு தொகை * 8 / 100
  முடி
முடி

இதைப் பார்த்து "தொலைத்தொடர்பை விட்டுவிட்டீர்களே தம்பி" என்று கணக்குப்பிள்ளை சொல்லக்கூடும். அந்த ஒரு வசதிக்காகவே இந்த வழியை நான் மதிக்கிறேன். ஆனால் எழிலில் கோப்பைத் திறந்து படிக்கும் செயற்கூறுகளும் உண்டு; விதி என்ன செய்ய முடியும் என்பதற்கு அது வேலி போடுவதில்லை.

மற்ற மொழிகள்

டாட்நெட்டில் ரோஸ்லின் கம்பைலரே நூலகமாகக் கிடைக்கிறது. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் அசெம்பிளியைத் தனியே இறக்க முடியாது, ஆப்டொமைன் முழுவதையும் இறக்க வேண்டும். டாட்நெட் கோர் 3.0-இலிருந்து அசெம்பிளிலோட்கான்டெக்ஸ்டை இறக்கத்தக்கதாக உருவாக்கலாம். பைத்தானில் ஒரு மாட்யூலை மறுபடி ஏற்றினாலும், அதற்கு முன் பிறந்த பொருள்கள் பழைய வகுப்பையே பிடித்திருக்கும். சி மொழியில் பகிர்நூலகமாகக் கம்பைல் செய்து டிஎல்ஓபன் கொண்டு திறப்பார்கள். ஓடும் நூலகக் கோப்பின் மேலேயே புதியதை எழுதினால் நிரல் அந்த இடத்திலேயே சாகும், பதிப்புக்கொரு கோப்புப் பெயர் வையுங்கள். இந்தக் கலையை மொழிக்குள்ளேயே வைத்துப் பிறந்தது எரிக்சன் நிறுவனத்தின் எர்லாங். தொலைபேசி இணைப்பகத்தை நிறுத்த முடியாது என்பதால், ஒரே மாட்யூலின் பழையதும் புதியதும் ஒருசேர ஓட அது இடம் தருகிறது.

யாருடைய நிரல்?

இயங்கும்போது நிரலை ஏற்றும் வாசலைத் திறந்தால் அதன் வழியே யாரும் நுழையலாம். 2021 டிசம்பரில் உலகையே அலைக்கழித்த லாக்4ஷெல் ஓட்டை இதே வகைதான்: நிகழ்வுப் பதிவில் எழுத வந்த ஒரு சரத்தில் வெளி முகவரி இருந்தால் லாக்4ஜே நூலகத்தை அங்கே போய், ஜாவா வகுப்பைக் கொண்டுவந்து ஏற்ற வைக்க முடிந்தது. கல்லா மென்பொருளில் அப்படி ஓர் ஓட்டை இருந்தால் கடையின் பணம் முழுவதும் அந்நியர் கையில்.

ஏற்றப்பட்ட விதி, பிரதான நிரலுக்கு உள்ள அத்தனை உரிமையோடும் ஓடும். முன்பு செக்யூரிட்டி மேனேஜர் கொண்டு அடைத்து வைக்கலாம் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஜாவா 17 அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது. ஜாவா 24-இல் அதை இயக்கவே முடியாது. அடைத்தே ஆக வேண்டுமென்றால் குறைந்த உரிமையுள்ள தனிச் செயல்முறையில் விதியை ஓட்டி, விடையை மட்டும் வாங்குங்கள். மூன்று கடை அளவிலான வேலைக்கு அது அதிகம். இலக்கக் கையொப்பம் போதும்: தலைமைக் கணினி விதிக் கோப்பில் கையொப்பமிடும், கல்லா பொதுச்சாவி கொண்டு சரிபார்க்கும், பொருந்தவில்லை என்றால் கோப்பைத் திறக்கவே திறக்காது. கையொப்பமிடும் தனிச்சாவியை எந்தக் கடைக் கணினியிலும் வைக்காதீர்கள். வரி மாறும் நாளுக்கு முந்தைய வாரமே விதியை எல்லாக் கல்லாவிலும் ஏற்றி, அதன் தொடக்கத் தேதியை விதிப்பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம் நள்ளிரவில் எவரும் கணினி முன் உட்கார வேண்டியதில்லை.